பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் வாத்தியார் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை வாத்தியாரம்மா நம்பியிருக்கக் கூடாது. நம்பிவிட்டாள். அத்தனை வருடம் ஒரே மனிதரோடு குடித்தனம் நடத்திவிட்டு, அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குச் சிரிக்கமாட்டார் என்று தெரியாதவள்போல நம்பிவிட்டாள். நாம் என்ன செய்ய முடியும்? புத்தகத்துக்குள் கையை விட்டு அவள் தோளைத் தட்டவா முடியும்?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவரிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒருவனோடு அவருடைய மகள் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனாள். போன மறுவாரம் போன் பண்ணினாள். அப்பா எப்படி, அம்மா எப்படி என்று கேட்காமல், "கிளட்ச் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். கிளட்ச் என்பது அவள் வளர்த்த நாய்.

"செத்துப்போச்சு. நீ போன துக்கத்துல தண்ணி கூடக் குடிக்காம செத்துப்போச்சு. அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் வாத்தியார். நாய் அப்போது அவர் காலடியில் படுத்து அவர் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது.

மகள் இரண்டு வருடம் அழுதாள். போன வாரம்தான் வாத்தியாரம்மா குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு, தன் பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டு, நாயைக் குரைக்க வைத்தாள். மகள் நம்பவில்லை. "எந்த நாயும் குரைக்கும்மா. கிளட்ச் உயிரோட இருந்தா கூட்டிட்டு வா. அது வண்டியிலேருந்து இறங்கி எங்கிட்ட வரட்டும், கதவைத் திறக்கிறேன். இல்லன்னா யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம்," என்றாள்.

நாத்தனாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கேட்டதைக் கேட்டபடி அண்ணன் காதில் போட்டாள். வீடு ரணகளமாகப் போகிறது என்று வாத்தியாரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் வாத்தியார் சிரித்தார். "போகலாமே. நானும் வர்றேன். வண்டியை நீயே ஓட்டு," என்றார்.

இனி இன்றைய கதை.

காலையில் கிளம்புமுன் வாத்தியார் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கூரை மேலிருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றி டிக்கியில் போட்டார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த வண்டியில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் யார்மேலாவது ஏற்றிவிடாமல் இருப்பதற்காக, வாத்தியார் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே வண்டியை நிறுத்திவிடலாம். ஆயுசு முழுக்க அவர் உட்கார்ந்த இடம் அது. அவர் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தவர்கள் அந்தத் தெருவிலேயே குறைவு. நிறுத்துவதற்கென்றே பிறந்த மனிதர்.

நெடுஞ்சாலை ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். முன்னால் சைக்கிள் போனால் பிரேக். வளைவு வந்தால் பிரேக். ஒன்றுமே வராவிட்டால், "தூங்கிட்டியான்னு பார்த்தேன்," என்று ஒரு பிரேக். ஒவ்வொரு மிதிக்கும் பின்சீட்டில் இருந்த கிளட்ச் முன்சீட்டின் முதுகில் மோதிக் கீழே விழுந்தது. தன்மேல்தான் தப்பு என்பதுபோல ஒரு அசட்டு முகத்தோடு எழுந்து மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

"நாய் அடிபடுதுங்க."

"ஓட்டுறவ ஒழுங்கா ஓட்டினா நாய் எதுக்கு அடிபடுது? கியரை மாத்து, செகண்டு."

செகண்டு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். எத்தனை வருடம் கற்றுக்கொடுத்தாலும் இரண்டாவது கியரைத் தாண்டாத ஜென்மமாம். வண்டி கற்க வருகிறவர்கள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர்களும் சிரிப்பார்கள். லைசென்ஸ் வாங்க வேண்டுமே, சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனாரும் இப்போது சிரித்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு தங்கி, டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள். அண்ணன் தும்மினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

"அண்ணன் எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு அண்ணி," என்றாள்.

முன்னால் ஊர்ந்த ஒரு டிராக்டரை முந்துவதற்காக வாத்தியாரம்மா இண்டிகேட்டரைப் போட்டாள். டிக், டிக், டிக். அவ்வளவுதான், பின்னால் கிளட்ச் துள்ளி எழுந்தது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்து, அவள் தோளில் தாடையை வைத்து, ஒரே ஒரு தடவை குரைத்தது.

குட்டியிலிருந்து வந்த பழக்கம். அந்த வண்டிக்குள்ளேயே வளர்ந்த நாய். ஒருத்தர் ஓட்டி முடித்து அடுத்தவர் உட்காருவதற்காக வண்டியை ஓரம் கட்டும்போது இண்டிகேட்டர் போடுவார்கள். இறங்குகிறவர் நாய்க்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் மகள். ஆகவே கிளட்சைப் பொறுத்தவரை, டிக் டிக் என்றால் பிஸ்கட் வருகிறது. எப்பேர்ப்பட்ட தூக்கத்திலும் எழுந்துவிடும். வழியில் வாந்தி எடுக்காமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதி காலையிலேயே உள்ளே போயிருந்தது. அப்படியும் எழுந்ததே.

வாத்தியாரம்மா மடியில் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். "உங்க அக்காவைப் பார்க்கப் போறோம்டா. போய் என் மானத்தைக் காப்பாத்து," என்றாள் நாயிடம்.

"அதுக்கு அவ அக்காவா?" என்றார் வாத்தியார். "சரிதான். பெத்தது ஓடிப்போச்சு, வளர்த்ததாவது கூட வருது."

சொல்லிவிட்டு மறுபடி அதே சிரிப்பு.

வெயில் ஏறியதும் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். பங்க், அதை ஒட்டி ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, பின்னால் உயரமாக ஒரு மதில். எதிரில் ஒரு மண் ரோடு பிரிந்து வயல்காட்டுக்குள் போயிற்று.

"நீ போய் முகம் கழுவிட்டு வா. நாயை நான் பார்த்துக்கிறேன்," என்றார் வாத்தியார்.

'நான் பார்த்துக்கிறேன்' என்று அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கேட்டதில்லை. பைத்தியக்காரி, உச்சி குளிர்ந்துபோனாள். கழிப்பறையில் பெரிய வரிசை. வரிசையில் நின்றபடி, மகளிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்தாள். 'இளைச்சுட்டியேம்மா' என்பதா, 'என்னை மன்னிச்சுடு' என்பதா? இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கையும் வண்டியில் ஏறி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாயைக் காணோம். நாத்தனாருக்குப் பக்கத்தில் நாயின் பழைய போர்வை மேடாகத் தெரிந்தது.

"கிளட்ச் எங்க?"

"மீதி மாத்திரையையும் குடுத்துட்டேன் அண்ணி. சுருண்டு படுத்துருச்சு. வெயில் படவேண்டாம்னு போர்த்தி விட்டிருக்கேன். தொடாதீங்க, எழுந்தா வாந்தி எடுத்துரும்."

சொல்லிக்கொண்டே போர்வையை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள் நாத்தனார். அந்தக் கையில் இருந்த பரிவைப் பார்த்து, இவளை இத்தனை வருடம் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வாத்தியாரம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

வண்டி கிளம்பியது. அதன்பிறகு ஒரு அதிசயம் நடந்தது. வாத்தியார் பிரேக்கை மிதிக்கவே இல்லை. சைக்கிள் வந்தது, வளைவு வந்தது, ஒரு பள்ளம்கூட வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தவர்போல வந்தார். சிமெண்டு லாரி ஒன்று முன்னால் புகை கக்கிக்கொண்டு போனது. "முந்தாதே. அது பின்னாடியே போ. இப்ப என்ன அவசரம்?" என்று மட்டும் சொன்னார். குரலில் சூடே இல்லை.

மகள் வீடு நெருங்குகிறது, இவருக்கும் மனசு இளகுகிறது என்று வாத்தியாரம்மா நினைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் நாத்தனாரின் கை போர்வைமேல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

"அவளைப் பார்த்ததும் எதுவும் சொல்லிடாதீங்க," என்றாள் தயங்கித் தயங்கி.

"நான் என்ன சொல்லப் போறேன்? சொல்ல வேண்டியதை அன்னிக்கே சொல்லிட்டேன்."

லாரியிலிருந்து சிமெண்டுத் தூள் பறந்து கண்ணாடியில் அப்பியது. வெகுநேரம் பொறுத்துப் பார்த்தாள். ரோடு காலியாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல மனநிலையில் இருக்கிறவர் ஒரு லாரியை முந்தினதற்கா கோபித்துக்கொள்ளப் போகிறார்? இண்டிகேட்டரைப் போட்டாள்.

டிக், டிக், டிக்.

தோளை லேசாகப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தாள். தாடை வந்து உட்காரவில்லை.

"இப்ப எதுக்கு அதைப் போட்டே? அணை," என்றார் வாத்தியார். அவள் அணைக்கவில்லை. கண்ணாடியில் நாத்தனாரின் கை முன்பைவிட வேகமாகப் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது.

"கிளட்ச்," என்று கூப்பிட்டாள்.

சத்தமே இல்லை. வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கு நடுவில் கையை நீட்டிப் போர்வையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே காலையில் டிக்கியில் போட்ட கூரைப் பலகை இருந்தது. அதன்மேல் நாத்தனாரின் துணிப்பை, மேடு தெரிய வேண்டும் என்பதற்காக நன்றாகத் தட்டி உருட்டி வைத்திருந்தது. இவ்வளவு தூரமும் நாத்தனார் அன்பாகத் தடவிக் கொடுத்துக்கொண்டு வந்தது தன் சொந்தப் பாவாடை, ரவிக்கையை.

பிரேக் ஏன் மிதிபடவில்லை என்பதும், லாரியை ஏன் முந்தக் கூடாது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாத்தனார் சுட்டுக்கொண்டவள்போலக் கையை எடுத்தாள். "அண்ணன்தான் சொன்னாரு அண்ணி."

"எங்க விட்டீங்க?"

"பங்க்லதான்," என்றார் வாத்தியார். "பதறாதே. நாய்க்குப் போற இடமெல்லாம் வீடுதான்."

"ஏங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

அவர் கோபப்படவில்லை. கற்க வந்தவர்களுக்குச் சிக்னல் விளக்குவதுபோல நிதானமாக விளக்கினார். "செத்துப்போச்சுன்னு நான் சொல்லியாச்சு. இப்ப அது வாலை ஆட்டிக்கிட்டு அவ வாசல்ல போய் இறங்கினா என் பேச்சு என்னாகுறது? அந்தப் பய முன்னாடி, ஒழுங்கா ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத பய முன்னாடி, நான் பொய்யனா நிக்கணுமா? நான் சொன்னா சொன்னதுதான். ஒண்ணு அது சாகணும், இல்ல தொலையணும். கொல்ல எனக்கு மனசு வரல. அதுக்கு நீ எனக்கு நன்றிதான் சொல்லணும்."

நாக்கில் நரம்பில்லாத மனிதர் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் தன்னை நல்லவர் என்றே நினைத்துக்கொண்டு சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகளுடைய கதவு அவள் கண்ணெதிரே சாத்திக்கொண்டுவிட்டது, நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

அவள் வண்டியை எடுத்தாள். ரோட்டின் நடுச்சுவரில் திரும்புவதற்கு இடைவெளி வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்தாள். எதிர்ப்பக்க ரோட்டின் குறுக்கே வண்டி பாதி போயிருக்கும், வாத்தியார் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி, இஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். மறுபடி மிதித்தார்.

"என் கால் இங்க இருக்கிற வரைக்கும் இந்த வண்டி அந்தப் பக்கம் போகாது," என்றார்.

"அண்ணி, நடுரோட்டுல நிக்கிறோம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

மேட்டிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. சரக்கு ஏற்றிய லாரி. நேராக வாத்தியார் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. ஹாரன் அடித்தது. நாத்தனார் அலற ஆரம்பித்தாள்.

"எடு," என்றார் வாத்தியார். "வண்டியை எடு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வாழ்க்கை முழுக்க எடுத்திருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டை எடு, பேச்சை விட்டுட்டு வேலையை எடு, போனை எடு, காலை எடு. இப்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கால் உங்களோடதுங்க. நீங்கதான் எடுக்கணும்."

லாரியின் முகம் ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்தது. இதற்குமுன் எத்தனையோ பேரைப் பயமுறுத்திய அந்தக் கால், பிரேக்கிலிருந்து தானாக விலகியது. அவள் வண்டியை எடுக்கவில்லை. லாரிதான் டயர் தேயக் கத்திக்கொண்டு வந்து, வாத்தியாரின் கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, கெட்ட வார்த்தைகளைக் கொட்டித் தீர்த்துவிட்டு, "ஓட்டத் தெரியலன்னா ஏதாவது டிரைவிங் ஸ்கூல்ல போய்க் கத்துக்கிட்டு வந்து ஓட்டுங்கடா," என்றார்.

வண்டிக்குள் யாரும் சிரிக்கவில்லை.

"உங்களால நிறுத்தத்தான் முடியும். ஓட்டுறது நான்," என்றாள் வாத்தியாரம்மா. "இன்னொரு தடவை மிதிச்சீங்கன்னா, நான் இறங்கிப் போயிடுவேன். அடுத்த லாரிக்கு நீங்களும் உங்க தங்கச்சியும் பதில் சொல்லுங்க."

வாத்தியார் காலை சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டார். வேர்த்துப்போயிருந்தது. வந்த வழியே வண்டி திரும்பிப் போனது. அவள் எதிரில் வந்த ரோட்டின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். எங்கேயாவது கிளட்சின் பழுப்பு நிறம் அடிபட்டுக் கிடக்கிறதா என்று பார்ப்பதும், பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக வந்தாள்.

பங்க்கில் நாய் இல்லை. மதிலுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தாள். அங்கே அவளுடைய பிஸ்கட் பொட்டலம், அவள் மடியில் வைத்திருந்த அதே பொட்டலம், பிரித்துக் கவிழ்த்துக் கிடந்தது. ஒரு பிஸ்கட் பாக்கி இல்லை.

டீக்கடை அம்மா கண்ணாடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் இருந்த வாத்தியாரை எட்டிப் பார்த்துவிட்டு, "இவர்தானே?" என்றாள். "மதிலுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் அவ்வளவு பிஸ்கட்டையும் கொட்டினாரு. அது ஆசை ஆசையாத் தின்னுச்சு. தின்னு முடிச்சு வந்து பார்த்தா உங்க வண்டி கிளம்பிப் போகுது. பாலம் வரைக்கும் ஓடுச்சும்மா. இந்த வெயில்ல, தார் ரோட்டுல. திரும்பி வரும்போது பாதமெல்லாம் ரத்தம்."

"இப்ப எங்கம்மா அது?"

"உங்க வண்டி நின்ன இடத்துலயே உட்கார்ந்துச்சு. வர்ற வண்டி ஒவ்வொண்ணையும் போய் மோந்து மோந்து பார்த்துச்சு. கடைசியா கோஸ் மூட்டை ஏத்தின ஒரு வேன். டீ குடிக்க நிறுத்தினவன் மஞ்ச லைட்டை அணைக்காம டிக்கு டிக்குனு விட்டுட்டு இறங்கினான். அதைக் கேட்டு என்ன நினைச்சுதோ, ஓடிப்போய் அவன் சீட்டுல ஏறி உட்கார்ந்துக்கிட்டு ஒரே ஒரு குரைப்பு. அவனும் இறக்கிவிடப் பார்த்தான். இறங்கல. போய்த் தொலையுதுன்னு கூட்டிட்டுப் போயிட்டான். அதோ, அந்த மண் ரோட்டுல."

வாத்தியாரம்மா வண்டியில் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். பட்டன் போன் அடித்தது. மகள். எடுத்தாள், காதில் சரியாகக் கேட்காது என்று எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டாள். பழக்கதோஷம். அதுவும் அவள் தப்புதான்.

"எங்கம்மா வந்துட்டு இருக்கீங்க? ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கிறோம்."

"வந்துக்கிட்டு இருக்கோம்மா. கொஞ்சம் லேட்டாகும்."

"கிளட்ச் பக்கத்துலதான இருக்கு? அது காதுல போனை வை. என் குரலைக் கேட்கட்டும்."

வாத்தியாரம்மாவுக்குப் பொய் சட்டென்று வராது. "உங்கப்பா அதை வழியில இறக்கி விட்டுட்டார்ம்மா. நான் திரும்பி வந்து தேடிக்கிட்டு..."

அந்தப் பக்கம் மகளின் குரல் மாறியது.

"அம்மா, அன்னிக்கு அப்பா செத்துப்போச்சுன்னு சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் இருந்தே. நீ மூக்கை உறிஞ்சுறது எனக்குக் கேட்டுச்சு. நீ ஒரு வார்த்தை பேசல. இப்ப அப்பா மேல பழி போடுறே. நான் யாரைத்தான் நம்புறது? எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். இண்டிகேட்டரைப் போடு. இறக்கி விட்டது நிஜம்னா கிளட்ச் அங்கதான் பக்கத்துல எங்கேயாவது இருக்கும், அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்து ஒரு தடவை குரைக்கும். அதைக் கேட்டாப் போதும், வேற எதுவும் கேட்க மாட்டேன்."

வாத்தியாரம்மா வாயைத் திறப்பதற்குள், பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு வருடமாக மகளிடம் பேசாத வாத்தியார், இப்போதும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டி இண்டிகேட்டரைத் தட்டிவிட்டார்.

டிக். டிக். டிக். டிக்.

வண்டிக்குள் அந்தச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. போனிலும் ஒன்றும் இல்லை. வெகுநேரம் மகள் காத்திருந்தாள். அவ்வளவு நேரம் அவள் காத்திருந்ததுதான் வாத்தியாரம்மாவின் நெஞ்சை அறுத்தது.

"அப்ப அப்பா சொன்னது நிஜம்தான்," என்றாள் மகள். "நீதாம்மா பொய் சொல்லியிருக்கே." போன் அணைந்தது.

வாத்தியார் இண்டிகேட்டரை அணைத்தார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியா. நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா? வா, வீட்டுக்குப் போகலாம். பார்த்து ஓட்டு."

ஒரு வேகத்தில் அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. கண்ணாடியைச் சரிசெய்தபடி, "பின் டயர்ல காத்து இறங்கியிருக்கு போல. வரும்போதே ஒரு பக்கமா இழுத்துச்சு," என்றாள்.

"நடுரோட்டுல அந்த ஆட்டு ஆட்டினா இறங்காம என்ன செய்யும்? ஓட்டத் தெரியாது, ஒடைக்கத் தெரியும்." வாத்தியார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பஞ்சர் கடை இரண்டு அடி தள்ளி இருந்தது, கடைக்காரரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் டயரை அவர்தானே பார்க்க வேண்டும்? முன் டயரை உதைத்தார். சுற்றிக்கொண்டு பின் டயருக்குப் போனார். உதைப்பதற்குக் காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் தூக்கியபடி இருக்க, டயர் அவர் எதிரிலிருந்து நகர்ந்து போயிற்று.

"ஏய், செகண்டு," என்று ஒரு குரல் பின்னால் கேட்டது. அவள் மூன்றாவது கியரைப் போட்டாள்.

கண்ணை மூடித் தூங்குவதுபோல உட்கார்ந்திருந்த நாத்தனார் பதறி எழுந்தாள். "அண்ணி. அண்ணி, அண்ணன் ஏறல."

"ஏறிட்டாரு. உன் பக்கத்துலதான் இருக்காரு."

"என்ன அண்ணி சொல்றீங்க? இங்க யாரும் இல்ல."

"போர்வைக்குள்ள பாரு. மாத்திரை போட்டிருக்கு, சுருண்டு படுத்துட்டாரு. எழுப்பாதே, வாந்தி எடுத்துருவாரு. தடவிக் குடுத்துக்கிட்டு வா."

நாத்தனார் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள் வாத்தியாரம்மா. அண்ணனோடு சேர்ந்து இவளையும் இறக்கி விட்டிருக்கலாம். ஆனால் தன் பையைத் தானே தடவிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் வரட்டும் என்று தோன்றியது. இவ்வளவு கல்நெஞ்சம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்காக வருத்தப்படவும் தோன்றவில்லை.

ஒரு கையால் பட்டன் போனை எடுத்து மகளுடைய எண்ணை அழுத்தினாள். லைன் பிஸி. மறுபடி அழுத்தினாள். பிஸி.

கண்ணாடியைப் பார்த்தாள். பங்க் வாசலில் வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் துரத்தி ஓடி வரவில்லை, கையைத் தட்டிக் கூப்பிடவில்லை. போனைக் காதில் வைத்து, குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்தப் பிஸியான லைனில் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

நேரே போனால் மகள் வீடு. பிஸியாக இருக்கும் அந்தப் போன் வைக்கப்படுவதற்குள் ஓடிப்போய் வாசலில் நிற்கலாம். வெறுங்கையோடு நிற்கலாம், கதவு திறக்காது. எதிரில் மண் ரோடு. அதில் இன்னும் ஏதோ ஒரு வண்டி கிளப்பிய புழுதி அடங்காமல் இருந்தது. அது கோஸ் வேன் கிளப்பிய புழுதிதான் என்று யார் சொல்ல முடியும்?

இண்டிகேட்டரைப் போட்டு மண் ரோட்டில் திருப்பினாள். திரும்பிய பிறகு அது தானாக அணைந்தது. மறுபடி போட்டாள். நான்கு ஜன்னல் கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டு, அந்தச் சத்தம் வெளியே கேட்கிற அளவுக்கு மெதுவாக ஓட்டினாள்.